ஒரு கட்டம் தள்ளி

குவோபியோ நகரத்தில் இருபத்தாறு வருடமாகத் தபால் கொண்டுபோய்க் கொடுக்கும் சிர்க்கு, பிப்ரவரி மாதம் ஒரு செவ்வாய்க்கிழமை காலையில் வழுக்கி விழுந்தாள். பனியில் விழுந்திருந்தால் யாரும் அதைப் பேசியிருக்க மாட்டார்கள். அடியில் ஆணி பதித்த குளிர்காலக் காலணியோடு ஒரு அடுக்குமாடியின் நுழைவாயிலுக்குள் கால் வைத்தாள். பனியைக் கவ்விப் பிடிக்கிற அந்த ஆணிகள் உள்ளே ஈரக் கல் தரையில் சர்ரென்று சறுக்கிவிட்டன. தபால் பை ஒரு பக்கம், சிர்க்கு ஒரு பக்கம். இடது கணுக்கால் எலும்பில் விரிசல். ஆறு வாரம் வேலைக்கு வரக்கூடாது என்று மருத்துவர் எழுதிக் கொடுத்துவிட்டார்.

"ஊரெல்லாம் பனியா கெடக்கு, நீ போயி வீட்டுக்குள்ள விழுந்திருக்கே. இதை வெளிய சொல்லிக்காதே, நம்ம டிப்போவுக்கே கேவலம்" என்றான் அவளோடு வேலை பார்க்கும் தர்மோ. அன்று சாயங்காலமே அவள் வீட்டுக்குக் காபிப் பொடியும் ஏலக்காய் மணக்கும் பன்னும் வாங்கிக்கொண்டு வந்திருந்தான்.

சிர்க்குவுக்கு ஐம்பத்து மூன்று வயது. மணமுறிவு ஆகிப் பதினோரு வருடம். பேத்தோனென் பகுதியில் மூன்றாவது மாடியில் இரண்டு அறை வீடு. சும்மா உட்காரத் தெரியாதவள். முகவரி சரியில்லாத தபாலைத் திருப்பி அனுப்புவதென்றால் அவளுக்கு உடம்புக்கு முடியாதது போல் ஆகிவிடும். ஒருமுறை, "கடைக்குப் பின்னாலிருக்கும் தெரு, உயரமான நாய் வைத்திருக்கும் அம்மாள்" என்று மட்டும் எழுதியிருந்த வாழ்த்து அட்டையைக் கையில் வைத்துக்கொண்டு நான்கு நாள் நாய்களைப் பார்த்துத் திரிந்து, உரியவரிடம் கொண்டுபோய்ச் சேர்த்தாள். அப்படிப்பட்டவளைக் காலில் மாக்கட்டோடு சோபாவில் உட்கார வைத்தால் என்ன ஆகும்? மூன்றாம் நாளே குறுக்கெழுத்துப் புத்தகம் முடிந்துவிட்டது. ஐந்தாம் நாள் சமையலறை அலமாரியில் மசாலா டப்பாக்கள் அகர வரிசைக்கு வந்துவிட்டன.

ஆறாம் நாள் பத்திரிகையில் அந்தக் கட்டுரையைப் படித்தாள்.

இணையத்தைப் பார்க்க எத்தனையோ பிரவுசர்கள் இருப்பதுபோலத் தோன்றினாலும், மூடியைத் திறந்து பார்த்தால் உள்ளே ஓடுவது இரண்டு மூன்று நிறுவனங்களின் எந்திரம்தான் என்று அதில் எழுதியிருந்தது. அது போதாதென்று நினைத்த சிலர், யாருடைய எந்திரத்தையும் எடுக்காமல், முதல் வரியிலிருந்து தாங்களே ஒரு பிரவுசரை எழுதிக்கொண்டிருந்தார்கள். எழுதிய ஒவ்வொரு வரியும் திறந்தே கிடக்கும்; யாரும் பார்க்கலாம், யாரும் திருத்தலாம். அதன் பெயர் குய்க்கா. சிர்க்குவின் நாட்டு ஏரிகளில் முங்கிப் போய் வேறெங்கோ தலையைத் தூக்கும் கரிய கழுத்துப் பறவையின் பெயர் அது. இப்போதுதான் பீட்டா வந்திருக்கிறது, அதாவது முக்கால் பங்கு வெந்த நிலை. கட்டுரையின் கடைசியில் ஒரு வரி இருந்தது: "எங்களுக்கு நிரல் எழுதுபவர்கள் கிடைத்துவிட்டார்கள். நிரல் எழுதத் தெரியாதவர்கள்தான் தேவை. இதை அன்றாடம் பயன்படுத்தி, எங்கே உடைகிறது என்று சொல்லுங்கள்."

சிர்க்கு அந்த வரியை இரண்டு தடவை படித்தாள். தனக்குத் தெரியாத ஒன்றுக்காகத் தன்னை ஒருவர் வேலைக்குக் கூப்பிட்டது வாழ்க்கையில் அதுதான் முதல் தடவை.

மறுநாள் தர்மோ வந்தபோது லேப்டாப்பில் பழைய பிரவுசரின் படம் இருந்த இடம் காலியாக இருந்தது.

"எங்கே அது?"

"தூக்கிட்டேன். இனிமே ஒரு மாசம் இதுதான். பேங்க், பத்திரிகை, நூலகம், ரேடியோ, எல்லாமே இதுலதான்."

"இது என்னது?"

"குய்க்கா."

அவள் காட்டுவதற்காக வானிலைப் பக்கத்தைத் திறந்தாள். பாதி படம் வந்தது. பிறகு ஜன்னலே மறைந்துவிட்டது. தர்மோ குனிந்து திரைக்குக் கீழே தேடுவதுபோல் பாவனை செய்தான்.

"பேரு பொருத்தமாத்தான் வச்சிருக்கானுங்க. முங்கிடுச்சு. எங்க வந்து தலை தூக்கும்னு சொல்லு, நான் போயி நிக்கிறேன்."

"சிரி, சிரி. அதுக்குத்தான் பீட்டான்னு பேரு."

"கால்தான் உடைஞ்சிருக்குன்னு நெனச்சேன் தாயே. தலையையும் ஒருதடவை எக்ஸ்ரே எடுத்துப் பார்த்துடலாம்."

அவன் சொன்னதில் உண்மை இல்லாமலும் இல்லை. முதல் வாரம் பெரும் பாடாக இருந்தது. பத்திரிகைப் பக்கத்தில் எழுத்துகள் படத்தின் மேல் ஏறி உட்கார்ந்தன. ரேடியோ பேசவே இல்லை. நூலகத்தின் தேடல் பெட்டியில் ஃபின்னிஷ் எழுத்தான புள்ளி வைத்த 'ä'வை அடித்தால் ஒரு கேள்விக்குறி வந்து விழுந்தது. புள்ளி இல்லாத ஃபின்னிஷ் புத்தகம் எதையாவது தேடலாம் என்று உட்கார்ந்து யோசித்துப் பார்த்தாள், அதிகம் தேறவில்லை. வங்கி மட்டும் என்ன காரணத்தாலோ முதல் நாளிலிருந்தே ஒழுங்காகத் திறந்தது. ஒரு நாளைக்கு ஏழெட்டுத் தடவை குய்க்கா முங்கியது.

கட்டம் போட்ட நோட்டு ஒன்றை எடுத்து வைத்துக்கொண்டாள் சிர்க்கு. எந்தப் பக்கம், எத்தனை மணி, என்ன செய்தாள், என்ன நடந்தது, என்ன நடந்திருக்க வேண்டும் என்று எழுதினாள். பிறகு அதைத் தனக்குத் தெரிந்த ஆங்கிலத்தில், குய்க்காவின் தளத்தில் பிழைகளைப் பதியும் இடத்தில் போட்டாள். டிவியில் பிரிட்டிஷ் தொடர்களை எழுத்து மொழிபெயர்ப்போடு பார்த்துப் பார்த்து வந்த ஆங்கிலம் அது. படிக்க வரும், எழுத உட்கார்ந்தால் வரிக்கு மூன்று தடவை அகராதியைப் புரட்ட வேண்டும்.

அவளுடைய முதல் குறிப்பில் ஒன்பது பிழைகளை ஒன்றாகப் போட்டிருந்தாள். பெல்ஜியத்தில் கென்ட் நகரத்திலிருந்து யோரிஸ் என்பவன் பதில் எழுதினான். குய்க்காவில் பக்கங்களை அடுக்கும் பகுதியை எழுதுபவன் அவன்தான். "ஒரு குறிப்பில் ஒரு பிழை. எந்தப் பதிப்பு? படிப்படியாக எழுதவும்." அவ்வளவுதான். வணக்கம்கூட இல்லை.

"மூஞ்சிலே அடிச்ச மாதிரி எழுதியிருக்கான் பாரு" என்றாள் சிர்க்கு தர்மோவிடம்.

"நம்ம டிப்போ சூப்பர்வைசர் மாதிரியே எழுதுறான். உனக்குப் பழக்கம்தானே?"

பழக்கம்தான். ஒன்பதையும் ஒன்பதாகப் பிரித்து மறுபடியும் எழுதினாள். பத்தாவது நாள் ஒரு புதுப் பதிப்பு வந்தது. வந்ததும் நூலகப் பக்கத்தைத் திறந்து பெட்டியில் 'ä' என்று அடித்தாள். தலைமேல் இரண்டு புள்ளியோடு அது அப்படியே வந்து உட்கார்ந்தது. சிர்க்கு ஒற்றைக் காலில் எழுந்து நின்றுவிட்டாள். திருத்தப் பட்டியலில் அவள் போட்ட குறிப்பின் எண் இருந்தது. மூன்று வார்த்தையும் ஒரு எண்ணும். அதைத் தன் நோட்டில் எழுதிப் பக்கத்தில் பெரிதாகச் சரி போட்டுக்கொண்டாள்.

மூன்றாம் வாரம் மாக்கட்டை எடுத்துவிட்டு, வேண்டும்போது கழற்றி மாட்டக்கூடிய தடித்த காலணி ஒன்றைக் கொடுத்தார்கள். குளிக்கலாம் என்று மருத்துவர் சொன்னதும் சிர்க்குவுக்கு நினைவு வந்தது சௌனாதான், அடுப்பில் சுட்ட கற்கள்மேல் தண்ணீர் ஊற்றி நீராவியில் உட்காரும் குளியல் அறை. மூன்று வாரமாக நீராவி படாத உடம்பு. அவள் குடியிருக்கும் கட்டடத்தின் கீழ்த்தளத்தில் பொதுவான சௌனா உண்டு. வாரத்தின் ஏழு நாளும் மேலே வரிசையாக, மணி நேரங்கள் கீழே கீழே, ஒரு கட்டப் பட்டியலாக இணையத்தில் இருக்கும். காலியான கட்டத்தைத் தட்டினால் பச்சையாகிவிடும். அந்த ஒரு மணி நேரம் உங்களுடையது.

குய்க்காவில் பட்டியலைத் திறந்தாள். வியாழக்கிழமை ஐந்து மணி காலி. அவளுக்கே ஆச்சரியம், அது எப்போதும் யாராவது பிடித்திருக்கும் நேரம். தட்டினாள், பச்சையானது. நோட்டில்கூட எழுதி வைத்தாள்: சௌனாப் பட்டியல், ஒழுங்காக வேலை செய்கிறது.

வியாழக்கிழமை ஐந்துக்குத் துண்டைத் தோளில் போட்டு, சோப்பை எடுத்துக்கொண்டு, ஊன்றுகோலைத் தட்டித் தட்டிக் கீழே இறங்கினாள். சாவியைப் போட்டு உடை மாற்றும் அறையின் கதவைத் திறந்தாள்.

உள்ளே பெஞ்சில் கௌக்கோ உட்கார்ந்திருந்தார். இரண்டாம் மாடிக்காரர், எழுபத்து நான்கு வயது, ஏரிப் படகில் இயந்திரம் பார்த்து ஓய்வு பெற்றவர். ஒரு கையில் பீர் பாட்டில், மடியில் ஒரு துண்டு. திடுக்கிட்டு எழுந்ததில் அந்தத் துண்டும் நழுவிவிட்டது.

"அட கடவுளே! தபால்னா கதவு ஓட்டை வழியாப் போடும்மா! உள்ளயே கொண்டாந்து குடுக்கணுமா?"

"கௌக்கோ, இது என் நேரம்!"

"உன் நேரமா? ஒன்பது வருஷமா வியாழக்கிழமை அஞ்சு மணி என் நேரம். கதவுலயே ஒட்டியிருக்கு, திரும்பிப் படி. என்னைப் பாக்காதே, கதவைப் பாரு!"

உள்ளே நீராவி அறையிலிருந்து அவர் மனைவி லெம்பியின் குரல் வந்தது. "யாருங்க அது?"

"தபால்காரி!"

"எனக்கு ஏதாவது வந்திருக்கா?"

சிர்க்கு கதவைச் சாத்திவிட்டு வெளியே வந்து, அதில் ஒட்டியிருந்த தாளைப் படித்தாள். வியாழன் ஐந்து: கௌக்கோ. வெள்ளி ஐந்து: சிர்க்கு. அவள் பெயர் ஒரு நாள் தள்ளி இருந்தது.

அன்று நடந்த அவமானத்தில் மறுநாள் ஐந்து மணிக்கு இறங்கிப் போக அவளுக்கு மனம் வரவில்லை. சனிக்கிழமை காலையில் மாடிப்படி அறிவிப்புப் பலகையில் ஒரு தாள் தொங்கியது. கையெழுத்து இல்லை, ஆனால் எல்லாம் பெரிய எழுத்து. "சௌனா நேரத்தை மதிக்கவும். பதிவு செய்துவிட்டு வராமல் இருப்பது மின்சாரத்தை வீணாக்குவது. கதவைத் தட்டிவிட்டுத் திறப்பது நாகரிகம்." அதைப் படித்துவிட்டுப் பேசாமல் போகிறவள் இல்லை சிர்க்கு. பேனாவை எடுத்து அடியில் எழுதினாள்: "மூன்றும் என் தவறு. மன்னிக்கவும். சிர்க்கு, வீட்டு எண் 14."

ஆனால் தவறு தன்னுடையதுதானா என்று அவளுக்கே தெரியவில்லை. வியாழக்கிழமையைத்தான் தட்டினாள். அவள் விரல் வியாழனுக்குக் கீழே இருந்தது, கட்டம் வியாழனுக்குக் கீழே பச்சையானது. குறிப்பு எழுதிப் போட்டாள். அந்தப் பக்கம் கட்டடத்தில் குடியிருப்பவர்களுக்கு மட்டும் திறப்பது. அதனால் பக்கத்தைச் சேமித்து, அந்தப் பிரதியையும் கூடவே அனுப்பினாள். அவள் சேமித்தது திங்கட்கிழமை. அதற்குள் புது வாரத்தின் பட்டியல் வந்திருந்தது.

யோரிஸ் இரண்டு நாளில் பதில் போட்டான். "நீங்கள் அனுப்பிய பிரதி என் கணினியில் சரியாகத் தெரிகிறது. பிழையை இங்கே வரவைக்க முடியவில்லை. மூடுகிறேன்." அதற்குக் கீழே முன்பின் தெரியாத ஒருவர் ஒரு வரி சேர்த்திருந்தார்: "பயனர் தவறான கட்டத்தைத் தட்டியிருப்பார். இப்படி நடப்பது சகஜம்."

சிர்க்குவின் காது சூடாகிவிட்டது. நீளமாக ஒரு பதில் எழுதினாள். இருபத்தாறு வருடமாக நான் எந்தக் கடிதத்தையும் தவறான ஓட்டையில் போட்டதில்லை என்று ஆரம்பித்தது அது. எழுதி முடித்துப் படித்தாள், மறுபடியும் படித்தாள், அழித்துவிட்டாள். பிறகு பட்டியலைக் குய்க்காவில் திறந்து பார்த்தாள். எல்லாம் ஒழுங்காக இருந்தது. பெயர்கள் எல்லாம் கதவில் ஒட்டியிருந்த தாளில் இருந்தபடியே இருந்தன. வியாழக்கிழமை ஐந்தில் கௌக்கோவின் பெயர் கம்பீரமாக உட்கார்ந்திருந்தது.

அப்போதுதான் அவளுக்குப் பயம் வந்தது. வலி மாத்திரை சாப்பிட்டுக்கொண்டிருந்த வாரம் அது. தானேதான் தப்பாகத் தட்டிவிட்டோமோ?

"தட்டியிருப்பே" என்றான் தர்மோ, காபியைக் கலக்கிக்கொண்டே. "அதனால என்ன? பழைய பிரவுசரைப் போட்டுக்கோ. யாரும் உன்னைக் கேக்கப் போறதில்லை. உனக்கு அவங்க சம்பளமா குடுக்குறாங்க?"

"நான் தட்டலே."

"சரி, தட்டலே."

"சும்மா சரின்னு சொல்லாதே. நம்புறியா?"

தர்மோ கரண்டியைக் கீழே வைத்தான். "இங்க பாரு. அந்த நாய்க்கார அம்மா விஷயத்துல, நாலு நாளும் உன் பாதிப் பையை நான்தான் சுமந்தேன். அப்பவும் பைத்தியம்னுதான் சொன்னேன். ஆனா அட்டை போய்ச் சேர்ந்துச்சு இல்லே? இதுக்கு மேல என்னைக் கேக்காதே, பன்னைச் சாப்பிடு."

அதற்குப் பிறகும் அவள் குய்க்காவைத் தூக்கவில்லை. ஆனால் புதிதாகக் குறிப்பு எதுவும் எழுதவும் இல்லை. நோட்டு மூடியே கிடந்தது. ஒன்றரை வாரம் அப்படியே போனது. ஜன்னலுக்கு வெளியே மார்ச் வெயில் வந்து, கூரைகளிலிருந்து நாளெல்லாம் தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது.

ஒரு திங்கட்கிழமை மத்தியானம், அந்த வாரம் எந்த நேரம் காலி என்று பார்க்கப் பட்டியலைத் திறந்தாள். புதன்கிழமைக்குக் கீழே, முதல் வரிசையான நான்கு மணிக் கட்டத்தில், "அடுப்புக் கல் மாற்றும் வேலை, நாள் முழுதும் மூடல்" என்று இருந்தது. நாள் முழுதும் மூடல் என்றால் புதன்கிழமை முழுவதும் அடைபட்டிருக்க வேண்டும். ஆனால் ஐந்து மணியில் புதனுக்குக் கீழே கௌக்கோவின் பெயர் இருந்தது. வியாழன் ஐந்து காலியாக இருந்தது. ஞாயிற்றுக்கிழமையில் நான்கு மணிக் கட்டத்தைத் தவிர, அதற்குக் கீழே கட்டமே இல்லை, வெறும் வெள்ளை.

சிர்க்கு ஊன்றுகோலைக்கூட எடுக்காமல் நொண்டிக்கொண்டே போய் நோட்டை எடுத்து வந்தாள்.

இதை அவள் ஆயிரம் தடவை பார்த்திருக்கிறாள். டிப்போவில் புதிதாகச் சேர்ந்தவர் யாராவது தபால்களை அடுக்கும்போது, நடுவில் ஆள் இல்லாத ஒரு வீட்டுக்கு இடம் விடாமல் அடுக்கிவிடுவார். அந்த வீட்டுக்கு முன்னால் வரை எல்லாம் சரியாக இருக்கும். அதற்குப் பிறகு ஒவ்வொரு கடிதமும் ஒரு வீடு தள்ளி விழும். கடைசி வீட்டுக்காரருக்கு ஒன்றுமே இருக்காது. அந்தக் கடைசி வீட்டுக்காரர்தான் இங்கே ஞாயிற்றுக்கிழமை. முதல் வரிசையில் புதன்கிழமைக்கு இடம் இருக்கிறது. இரண்டாம் வரிசையிலிருந்து குய்க்கா அந்த இடத்தை மறந்துவிட்டு, வியாழனைப் புதனில் போடுகிறது, வெள்ளியை வியாழனில் போடுகிறது. சௌனா ஒரு நாள் மூடியிருக்கும் வாரத்தில் மட்டும்தான் இது நடக்கும். அவள் முதலில் பதிவு செய்த வாரத்திலும் ஒரு மூடல் இருந்திருக்க வேண்டும்; அவள் அனுப்பிய பிரதி, மூடல் எதுவும் இல்லாத அடுத்த வாரத்துடையது.

இந்த முறை முதலிலேயே பக்கத்தைச் சேமித்தாள். குய்க்காவின் தளத்தில் தன்னார்வலர்களுக்காக ஒரு குறிப்பு இருந்தது: பிழை வரும் பக்கத்தை எடுத்து, பாதியை வெட்டிப் போடுங்கள். பிழை இன்னும் இருக்கிறதா? மறுபடி பாதியை வெட்டுங்கள். போய்விட்டதா? வெட்டியதைத் திரும்ப வைத்து, மற்றப் பாதியை வெட்டுங்கள். வெட்ட ஒன்றும் மிச்சமில்லாத வரை செய்யுங்கள். நிரல் தெரிய வேண்டியதில்லை, பொறுமை போதும்.

பக்கத்துக்குள் தொள்ளாயிரத்துச் சொச்சம் வரிகள் இருந்தன. அவற்றில் ஒன்றுகூட அவளுக்குப் புரியவில்லை. முதல் வெட்டிலேயே பட்டியல் மொத்தமும் காணாமல் போனது. திரும்ப வைத்தாள். அடுத்த வெட்டில் கட்டடத்தின் சின்னமும் தொலைபேசி எண்களும் போயின. பிழை அசையாமல் இருந்தது. வெட்டினாள், பார்த்தாள், நோட்டில் கோடு போட்டாள். நடுவில் எழுந்து உருளைக்கிழங்கு வேகப் போட்டவள், அதை மறந்தே போனாள். தண்ணீர் வற்றிக் கரிந்த வாசனை வந்த பிறகுதான் ஓடினாள், அதாவது ஓட முயன்றாள். சாயங்காலம் ஆறு மணிக்குப் பதினோரு வரிகள் மிஞ்சின. நான்கு பெயர்கள், இரண்டு வரிசை, ஒரு மூடல்.

அந்தப் பதினோரு வரியைக் கடிதத்தை வெளிச்சத்தில் பிடித்துப் பார்ப்பதுபோல் பார்த்தாள். மூடல் என்ற கட்டத்தில் ஏதோ ஒரு ஆங்கிலச் சொல்லும், அதற்குப் பக்கத்தில் பூஜ்யமும் இருந்தது. அகராதியைப் புரட்டி, இந்தக் கட்டம் எத்தனை வரிசைக்கு நீள வேண்டும் என்று சொல்கிற இடம் அது என்று ஊகித்தாள். எத்தனை வரிசைக்கு? பூஜ்யம். இதென்ன கணக்கு? பூஜ்யத்தை அழித்துவிட்டு இரண்டு என்று போட்டாள். நான்கு பெயர்களும் தத்தம் நாளுக்குக் கீழே வந்து நின்றன. மறுபடி பூஜ்யம் போட்டாள். தள்ளிப் போயின. மறுபடி இரண்டு. வந்து நின்றன. அதையே ஐந்தாறு தடவை செய்து பார்த்தாள், சந்தேகத்தினால் இல்லை, பார்க்கச் சந்தோஷமாக இருந்ததால்.

மூடப்பட்ட தன் பழைய குறிப்பைத் தேடிப் போய் அதன் கீழே எழுதினாள். கோபமாக ஒரு வார்த்தை இல்லை. பதினோரு வரி, இரண்டு படம், கடைசியில் ஒரு வாக்கியம்: "பூஜ்யத்துக்கு இங்கே என்ன அர்த்தம் என்று எனக்குத் தெரியாது, ஆனால் குய்க்காவுக்கும் தெரியவில்லை என்று நினைக்கிறேன்."

மறுநாள் காலை காபி போடுவதற்குள் பதில் வந்திருந்தது. யோரிஸ் இந்தத் தடவை நீளமாக எழுதியிருந்தான். அதைத் தர்மோவுக்கு ஃபோனில் வாசித்துக் காட்டினாள் சிர்க்கு. ஆங்கிலத்தைத் தன் பேச்சில் போட்டு வாசித்தாள்.

"'பூஜ்யம்னா கடைசி வரைக்கும் நீளுன்னு அர்த்தம். இணையப் பக்கங்களுக்கான விதிப் புத்தகத்துல அதுக்கு ஒரே ஒரு வரிதான். இந்தக் கட்டம் அடுக்குற வேலையை நான் ரெண்டு வருஷமா எழுதுறேன், அந்த ஒரு வரியைப் படிக்காமத் தாண்டிப் போயிருக்கேன். உங்க குறிப்பை அன்னிக்கு மூடினது என் தப்பு. ஒரு கேள்வி கேட்டிருக்கணும், கேக்கலே. இத்தனை சின்னதா வெட்டிக் குடுத்ததுக்கு நன்றி. நீங்க எங்க வேலை பார்க்குற புரோகிராமர்?'"

மறுமுனையில் தர்மோ வண்டியை ஓரமாக நிறுத்தும் சத்தம் கேட்டது. "என்ன சொன்னே அவன்கிட்ட?"

"தபால்காரின்னு சொன்னேன்."

"அதுக்கு?"

"இன்னும் பதில் வரலே. அதிர்ச்சியில இருப்பான்."

"சிர்க்கு."

"என்ன?"

"உன் தலைக்கு எக்ஸ்ரே வேணாம்."

நான்காம் நாள் திருத்தம் வந்தது. யோரிஸ் அந்தப் பதினோரு வரியைக் குய்க்காவின் சோதனைகளில் ஒன்றாகச் சேர்த்துவிட்டான். இனி யார் எதை மாற்றினாலும் அந்தப் பதினோரு வரியை ஒருமுறை அடுக்கிப் பார்த்துவிட்டுத்தான் வெளியே விடுவார்கள். பெயர்களை மாற்றவா என்று கேட்டிருந்தான். சிர்க்கு கௌக்கோவின் வீட்டுக் கதவை, இந்தத் தடவை நன்றாகத் தட்டிவிட்டு, போய்க் கேட்டாள்.

கௌக்கோ முழுக் கதையையும் நின்றுகொண்டே கேட்டார். "ஆக, என் மானம் போனதுக்கு ஒரு பூஜ்யம்தான் காரணம்?"

"பூஜ்யமும், நான் தட்டாமத் திறந்ததும்."

"அந்தச் சோதனையில என் பேரு இருந்தா எத்தனை பேரு பார்ப்பாங்க?"

"உலகத்துல யாரு வேணும்னாலும் பார்க்கலாம்."

அவர் உள்ளே திரும்பிக் கத்தினார். "லெம்பி! என் பேரு உலகம் பூராவும் போகுதாம்!"

"துண்டோடவா, துண்டில்லாமலா?" என்றாள் லெம்பி சமையலறையிலிருந்து.

பெயர் அப்படியே இருக்கட்டும் என்று சொன்ன கௌக்கோ, அவள் கிளம்பும்போது ஏரிப் பனியில் துளை போட்டுப் பிடித்த சின்ன மீன்கள் ஒரு பொட்டலம் கொடுத்தார். ரை என்ற தானிய மாவில் புரட்டி வெண்ணெயில் பொரித்துச் சாப்பிட்டாள் சிர்க்கு. பலகையில் தொங்கிய தாளை யார் எடுத்தார்கள் என்று தெரியவில்லை. அன்று மாலை அது அங்கே இல்லை.

அவள் நினைத்திருந்த ஒரு மாதம் முடிந்தது. பழைய பிரவுசரைத் திரும்பப் போடுவதைப் பற்றி யோசித்துப் பார்த்தாள். ரேடியோ இன்னும் பேசவில்லை. பத்திரிகைப் பக்கத்தில் படங்கள் சில சமயம் தலைகீழாக வந்தன. ஆனால் குய்க்கா இப்போது நாளைக்கு ஒரு தடவைதான் முங்கியது. அவளுக்கு அது எந்தெந்த இடத்தில் இடறும் என்று தெரியும். தெரிந்த பாதையை விட்டுவிட்டுப் போக மனம் வரவில்லை. இன்னும் ஒரு மாதம் என்று நோட்டில் எழுதினாள். அந்த மாதம் முடிந்தபோது எதுவும் எழுதவில்லை, அதுவே அவளுடைய பிரவுசர் ஆகிவிட்டிருந்தது.

ஏப்ரலில் வேலைக்குத் திரும்பினாள். மழை வருவதற்கு முன் கால் கொஞ்சம் வலிக்கும், மற்றபடி நடை பழையபடிதான். மே மாதம் யோரிஸ் ஒரு வேலையைப் பற்றிக் கேட்டு எழுதினான். பீட்டாவுக்கு ஆட்கள் பெருகிவிட்டார்கள். ஒரு நாளைக்கு நாற்பது ஐம்பது பிழைக் குறிப்புகள் வருகின்றன. எது யாருக்குப் போக வேண்டும், எது ஏற்கெனவே வந்தது, எதற்கு இன்னும் விவரம் வேண்டும் என்று பிரித்து வைக்க ஒரு ஆள் தேவை. பார்ப்பீர்களா?

"பிரிச்சு அடுக்குற வேலை" என்றாள் சிர்க்கு தர்மோவிடம்.

"நாள் பூரா இங்க அதைத்தானே செய்யுறே! வீட்டுக்குப் போயும் அதேவா?"

"இதுல பை சுமக்க வேண்டியதில்லை."

தினமும் சாப்பிட்டபின் ஒரு மணி நேரம் உட்கார்ந்தாள். கொஞ்ச நாளிலேயே அவளுக்கென்று ஒரு பழக்கம் வந்துவிட்டது. "வேலை செய்யவில்லை" என்று ஒற்றை வரி எழுதிவிட்டுப் போகிறவர்களிடம்கூட ஒரு கேள்வியாவது கேட்காமல் மூட மாட்டாள். கேட்டால் பத்தில் மூன்று பேர் பதில் சொன்னார்கள். அந்த மூன்றில் ஒன்று நிஜமான பிழையாக இருந்தது. அயர்லாந்தில் ஒரு பள்ளி ஆசிரியையும் போர்ச்சுகலில் ஒரு பல் மருத்துவரும் அவளுக்கு அப்படித்தான் பழக்கமானார்கள். அவளுடைய ஆங்கிலம் இன்னும் நொண்டியது. யாரும் அதைப் பெரிதாக எடுத்துக்கொண்டதாகத் தெரியவில்லை.

ஆகஸ்ட்டில் குய்க்காவை எழுதுகிறவர்கள் ஹெல்சிங்கியில் இரண்டு நாள் கூடுவதாக முடிவானது. சிர்க்குவுக்கும் அழைப்பு வந்தது. போவதா வேண்டாமா என்று ஒரு வாரம் தவித்தாள். நிரல் எழுதுகிறவர்கள் நடுவில் போய் உட்கார்ந்து என்ன பேசுவது? கடைசியில் தர்மோதான் அவளுடைய விடுமுறை விண்ணப்பத்தைத் தானே கொண்டுபோய் சூப்பர்வைசர் மேஜையில் வைத்தான். போகும்போது நாற்பது ஏலக்காய் பன் சுட்டு எடுத்துக்கொண்டாள். பேச்சு வராவிட்டாலும் கையில் கொடுக்க ஏதாவது இருக்க வேண்டும் என்று.

காலை ரயில். ஜன்னலோர இருக்கை. ஏரிகள் ஒன்றன்பின் ஒன்றாகப் பின்னால் போயின. படகுத்துறையில் யாரோ கம்பளத்தைத் தேய்த்துத் துவைத்துக்கொண்டிருந்தார்கள். சிர்க்கு லேப்டாப்பைத் திறந்து, ரயிலின் இணையத்தில் சேர்வதற்கான பக்கத்தைக் குய்க்காவில் திறந்தாள். வெள்ளையாக வந்தது. மறுபடி திறந்தாள். மறுபடியும் வெள்ளை.

எதிர் இருக்கைப் பெண்மணி எட்டிப் பார்த்துவிட்டுக் கேட்டாள், "வரலையா? எனக்கு வருதே."

"எனக்கு வரலே" என்றாள் சிர்க்கு. அதைச் சொல்லும்போது அவள் முகத்தில் இருந்த சந்தோஷத்தைப் பார்த்து அந்தப் பெண்மணி குழம்பிப் போனாள். "உங்களுக்கு எப்படி வருதுன்னு கொஞ்சம் காட்டுறீங்களா? முதல் தடவை தட்டும்போது என்ன தெரிஞ்சுது?"

அந்தப் பெண்மணி தன் ஃபோனை நீட்டினாள். சிர்க்கு பன் டப்பாவைத் திறந்து அவளுக்கு ஒன்று கொடுத்துவிட்டு, நோட்டில் புதுப் பக்கம் புரட்டி, நேரத்தை எழுதினாள்.